மின்னேற்றம்: உராய்வால் உண்டாவதா, இடம் மாறுவதா?



இவ்வலகைப் படிக்கத் தொடங்குமுன் பின்வரும் வினாவுக்கு ஒரு தாளில் விடை எழுதிக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் புரட்ட வேண்டாம்.

“பட்டுத்துணியால் உரோஞ்சப்பட்ட கண்ணாடிக் கோலொன்று நேரேற்றம் பெறுகின்றது. இதற்கான காரணத்தை விளக்குக.”

எழுதிவிட்டீர்களா? வகுப்பில் இதைக் கொடுக்கும்போதெல்லாம் பெரும்பாலான தாள்களில் ஒரே வசனத்தைத்தான் காண்கிறேன்: “உரோஞ்சும்போது கண்ணாடிக் கோலில் நேரேற்றங்கள் உற்பத்தியாகின்றன.” வேறு சிலர், “பட்டுத்துணியிலிருந்து நேரேற்றங்கள் கண்ணாடிக்குச் செல்கின்றன” என்று எழுதுகிறார்கள். இரண்டும் பிழை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இந்த இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். இங்கே விழுந்தவர் தூண்டல், மின்னோட்டம், மின்பகுப்பு என்று இனி வரும் அலகுகளிலும் அதே இடத்தில்தான் விழுவார்.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் கலைப்பட்டதாரி. எங்கள் பகுதியில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாத ஒரு வருடத்தில், “சேர், நீங்களாவது எடுங்கோ” என்று பிள்ளைகள் கேட்டதால் இப்பாடத்தைக் கையில் எடுத்தவன். முதல் வருடம் சீப்பையும் கடதாசித் துண்டுகளையும் வைத்துச் செய்து காட்டிக்கொண்டிருந்தபோது முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், சீப்பில வந்த ஏற்றம் எங்கயிருந்து வந்தது? அப்ப தலைமயிருக்கு என்ன நடந்தது?” நான், “அது உராய்வால் உண்டானது” என்று சொல்லிச் சமாளித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். இரவு புத்தகத்தை விரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது, அவள் கேட்டதே இந்த அலகின் முழுச் சாரம் என்று. மறு கிழமை எல்லார் முன்னிலையிலும் என் பிழையைத் திருத்தினேன். இக்கட்டுரை அவளுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை.

சொல் செய்யும் குழப்பம்

“ஏற்றம்” என்ற சொல்லைக் கவனியுங்கள். வண்டியில் மூட்டை ஏற்றுகிறோம். லொறியில் செங்கல் ஏற்றுகிறோம். ஏற்றினால் ஏதோ ஒன்று புதிதாக வந்து சேர்கிறது. ஆகவே “நேரேற்றம் பெற்ற பொருள்” என்று வாசித்தவுடன் அப்பொருளில் ஏதோ ஒன்று கூடிவிட்டது என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. உண்மையில் நடப்பது நேர்மாறானது. திண்மப் பொருளொன்று நேரேற்றம் பெற்றது என்றால் அது எதையும் பெறவில்லை, இலத்திரன்களை இழந்திருக்கிறது.

இதை விளங்க அணுவுக்குள் போவோம். அணுவின் நடுவே கரு. அதனுள் நேரேற்றமுள்ள புரோத்தன்களும் ஏற்றமற்ற நியூத்திரன்களும் இருக்கின்றன. கருவைச் சுற்றி மறையேற்றமுள்ள இலத்திரன்கள். ஒரு புரோத்தனின் ஏற்றமும் ஓர் இலத்திரனின் ஏற்றமும் பருமனில் சமம், குறியில் எதிர். காபன் அணுவில் 6 புரோத்தன், 6 இலத்திரன், கூட்டினால் பூச்சியம். எனவே அது நடுநிலையானது. ஏற்றமே இல்லாததால் அது நடுநிலையாக இல்லை. இருவகை ஏற்றமும் சரிசமமாக இருப்பதால் நடுநிலையாக இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கட்டாயம் மனதில் பதியுங்கள். உங்கள் மேசை, பேனை, நீங்கள் எல்லாருமே ஏற்றங்களால் நிரம்பியவர்கள். கணக்குச் சமமாக இருப்பதால் வெளியே தெரிவதில்லை.

புரோத்தன் கருவினுள் மிக வலிமையான கருவிசையால் கட்டுண்டு கிடக்கிறது. உரோஞ்சுவதால் அதை அசைக்க முடியாது. வெளிப்புறத்தில் தளர்வாகப் பிணைக்கப்பட்டிருக்கும் இலத்திரனே கழன்று போகக்கூடியது. பட்டும் கண்ணாடியும் உரோஞ்சப்படும்போது கண்ணாடியிலிருந்து இலத்திரன்கள் பட்டுக்குச் செல்கின்றன. கண்ணாடியில் புரோத்தன்களின் எண்ணிக்கை மாறவில்லை, இலத்திரன்கள் குறைந்துவிட்டன. ஆகவே அது நேரேற்றமுடையதாகத் தோன்றுகிறது. பட்டு அதே பருமனுள்ள மறையேற்றம் பெறுகிறது. எபொனைற்றுக் கோலைக் கம்பளியால் உரோஞ்சினால் இலத்திரன்கள் கம்பளியிலிருந்து கோலுக்குப் போகும். கோல் மறையேற்றம், கம்பளி நேரேற்றம்.

இப்போது மேலே நீங்கள் எழுதிய விடையை எடுத்துத் திருத்துங்கள். முழுமையான விடை இவ்வாறு அமையும்: “உரோஞ்சும்போது கண்ணாடிக் கோலிலிருந்து இலத்திரன்கள் பட்டுத்துணிக்கு இடம்மாறுகின்றன. இதனால் கோலில் இலத்திரன்களின் எண்ணிக்கை புரோத்தன்களின் எண்ணிக்கையிலும் குறைவாகிறது. எனவே கோல் நேரேற்றம் பெறுகிறது.” முதல் வசனத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். காரணம் கேட்ட வினாவில் இரண்டாம் வசனமே உயிர்.

(ஒரு சிறு குறிப்பு. காவலிகள் இரண்டு உரோஞ்சப்படும்போது இலத்திரன் மட்டுமன்றி அயன்களும், பொருளின் மிக நுண்ணிய துகள்களும்கூட இடம்மாறலாம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அது உயர்கல்விக்கு உரியது. சாதாரண தரத்தில் இலத்திரன் என்றே எழுதுங்கள். எது இடம்மாறினாலும் மொத்த ஏற்றம் மாறுவதில்லை என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை.)

பிராங்கிளின் விட்ட குறி

இரண்டு வகை ஏற்றங்கள் உண்டு என்பதைப் பிரான்சைச் சேர்ந்த டூ பே என்பவர் 1733 இல் எடுத்துக்காட்டினார். “நேர்”, “மறை” என்ற குறிகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின். 1740களில் அவர் நினைத்தது இதுதான்: எல்லாப் பொருளிலும் ஒருவகை மின்பாயி உண்டு, உரோஞ்சும்போது அது புதிதாக உண்டாவதில்லை, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிறது, கூடிய பக்கம் நேர், குறைந்த பக்கம் மறை. இலத்திரன் என்ற பெயரே கேள்விப்படாத காலத்தில் ஏற்றக் காப்பை இவ்வளவு தெளிவாகக் கண்ட மனிதர் அவர். ஆனால் கண்ணாடியா பட்டா, எதில் அந்தப் பாயி கூடியது என்பதை அறிய அவருக்கு வழியில்லை. கண்ணாடியில் கூடியது என்று ஊகித்து அதற்கு நேர்க்குறி இட்டார். ஊகம் மாறிப்போயிற்று. 1897 இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தபோது, இடம்மாறும் துகளுக்கு மறைக்குறி விழுந்திருந்தது. அதற்குள் உலகம் முழுவதும் அக்குறிகளில் புத்தகங்கள் எழுதியாகிவிட்டன, யாரும் மாற்றவில்லை. அதனால்தான் நீங்கள் இன்றும் “மரபு மின்னோட்டம் நேர்முடிவிடத்திலிருந்து மறைமுடிவிடத்துக்கு, இலத்திரன் பாய்ச்சல் அதற்கு எதிர்த்திசையில்” என்று இரண்டையும் பாடமாக்க வேண்டியிருக்கிறது. வரலாறு தெரிந்தால் பாடமாக்கும் பாரம் குறையும்.

கடதாசி ஏன் ஒட்டுகிறது?

பிளாஸ்ரிக் சீப்பினால் காய்ந்த, எண்ணெய் வைக்காத தலையை வாரிவிட்டுச் சிறு கடதாசித் துண்டுகளுக்கு அருகே கொண்டு செல்லுங்கள். மழைநாளில் இது சரிவராது. வளியில் ஈரம் கூடும்போது பொருள்களின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படை படிந்து ஏற்றம் கசிந்துவிடும். வெயில் நாள் மத்தியானத்தில் செய்யுங்கள்.

சீப்பு மறையேற்றம் பெற்றிருக்கிறது. கடதாசியோ நடுநிலையானது. ஒத்த ஏற்றங்கள் தள்ளும், ஒவ்வா ஏற்றங்கள் கவரும் என்று படித்திருக்கிறீர்கள். நடுநிலையான பொருளை எதற்காகக் கவர வேண்டும்?

சீப்பு கிட்ட வரும்போது கடதாசியின் மூலக்கூறுகளில் உள்ள இலத்திரன்கள் சற்று விலகித் தூரப்பக்கமாக நகர்கின்றன. சீப்புக்கு அண்மையான பக்கம் சிறிது நேராகவும் தூரப்பக்கம் சிறிது மறையாகவும் ஆகிறது. கடதாசியின் மொத்த ஏற்றம் இப்போதும் பூச்சியமே. ஆனால் நேர்ப்பக்கம் சீப்புக்குக் கிட்ட இருக்கிறது, மறைப்பக்கம் தள்ளி இருக்கிறது. கிட்டவுள்ள ஏற்றத்தின் மீதான விசை பெரிது என்பதால் கவர்ச்சி வெல்கிறது. கடதாசி பாய்ந்து ஒட்டுகிறது. இன்னும் சற்றுப் பொறுத்துப் பார்த்தால் சில துண்டுகள் திடீரெனத் தெறித்துப் போவதைக் காண்பீர்கள். சீப்பைத் தொட்ட துண்டு அதிலிருந்து மறையேற்றத்தைப் பெற்று, ஒத்த ஏற்றமாகித் தள்ளப்படுகிறது. சிறிய ரெஜிபோம் உருண்டைகளில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

இதில் ஒரு பரீட்சைத் தந்திரம் உண்டு. “தொங்கவிடப்பட்ட ஓர் உருண்டையை நேரேற்றமுள்ள கோல் கவர்கிறது. உருண்டையின் ஏற்றம் யாது?” என்று கேட்டால் பலர் “மறை” என்று எழுதுவர். நடுநிலையான உருண்டையும் கவரப்படுமே! எனவே விடை: மறையேற்றமாகவோ நடுநிலையாகவோ இருக்கலாம். ஏற்றம் இருப்பதற்கு உறுதியான சான்று தள்ளுகையே, கவர்ச்சி அன்று.

அந்தச் சீப்பு செய்யும் வேலையை இன்னொரு கண்ணாலும் பாருங்கள். கடதாசித் துண்டை முழுப் பூமியும் கீழே இழுக்கிறது. ஒரு சீப்பில் இடம்மாறிய கொஞ்ச இலத்திரன்கள் அதை வென்று மேலே தூக்குகின்றன. ஐதரசன் அணுவில் புரோத்தனுக்கும் இலத்திரனுக்கும் இடையிலான மின்விசை, அவற்றுக்கிடையிலான ஈர்ப்பு விசையைப்போல் ஏறத்தாழ 2 × 10³⁹ மடங்கு. அணுவில் இலத்திரனைப் பிடித்து வைத்திருப்பதும், அணுக்களை மூலக்கூறாகப் பிணைப்பதும், கயிற்றின் இழுவையும், உராய்வு விசையும் அடித்தளத்தில் ஏற்றங்களுக்கிடையிலான விசைகளே. பௌதிகவியலில் ஏற்றத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பது இதற்காகத்தான். ஈர்ப்பை நாம் உணர்வதும் ஏற்றத்தை உணராதிருப்பதும் ஏனென்றால், ஈர்ப்பு கவர மட்டுமே செய்யும், கூடிக்கொண்டே போகும். ஏற்றங்களோ நேரும் மறையுமாக ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன.

எவ்வளவு என்று அளப்பது

1785 இல் பிரான்சின் கூலோம் முறுக்குத் தராசு ஒன்றைக் கொண்டு இரு ஏற்றங்களுக்கிடையிலான விசையை அளந்தார். ஏற்றங்களின் பெருக்கத்துக்கு விசை நேர்விகித சமம். தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகித சமம். தூரத்தை இருமடங்காக்கினால் விசை கால்வாசியாகும். ஏற்றத்தின் அலகுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

கூலோம் என்பது மிகப் பெரிய அலகு. ஒவ்வொன்றும் 1 கூலோம் ஏற்றமுள்ள இரு சிறு பொருள்களை 1 மீற்றர் இடைவெளியில் வைக்க முடிந்தால் அவற்றுக்கிடையிலான விசை 9 × 10⁹ நியூற்றன். ஏறத்தாழ ஒன்பது இலட்சம் தொன்னின் நிறை. ஆகவேதான் உரோஞ்சிய கோல்களில் வரும் ஏற்றங்கள் கூலோமில் மிகச் சிறிய பின்னங்களாகவே இருக்கும்.

ஏற்றத்துக்கு மிகச் சிறிய துண்டு ஒன்றும் உண்டு: ஓர் இலத்திரனின் ஏற்றம், 1.6 × 10⁻¹⁹ கூலோம். அமெரிக்காவில் மில்லிக்கன் 1909 இல் தொடங்கிய எண்ணெய்த்துளிப் பரிசோதனையில் இதை அளந்தார். ஒவ்வொரு துளியின் ஏற்றமும் இந்தப் பெறுமானத்தின் முழுவெண் மடங்காகவே வந்தது. ஒன்றரை மடங்கு, இரண்டேகால் மடங்கு என்று எதுவும் வரவில்லை. சில்லறைக் காசைப்போல: ஒரு ரூபா நாணயங்கள் மட்டும் இருந்தால் இரண்டரை ரூபா கொடுக்க முடியாது. 2019 மே 20 முதல் இந்தப் பெறுமானம் மாறாத எண்ணாக நிர்ணயிக்கப்பட்டு, அம்பியர் என்ற அலகே அதிலிருந்து வரைவிலக்கணம் செய்யப்படுகிறது. பழைய குறிப்புகளில் அம்பியருக்கு இரு சமாந்தரக் கம்பிகளைக் கொண்ட வரைவிலக்கணத்தைக் காண்பீர்கள்; அது முந்தியது.

ஒரு கணக்கு. உரோஞ்சும்போது கண்ணாடிக் கோலிலிருந்து 5 × 10¹⁰ இலத்திரன்கள் பட்டுக்குச் சென்றன. கோலின் ஏற்றம் யாது?

5 × 10¹⁰ × 1.6 × 10⁻¹⁹ = 8 × 10⁻⁹ கூலோம். கோல் இலத்திரனை இழந்ததால் குறி நேர். பட்டின் ஏற்றம் −8 × 10⁻⁹ கூலோம். இரண்டையும் கூட்டுங்கள்: பூச்சியம். உரோஞ்சுமுன்னும் பூச்சியம். குறி போடாமல் விட்டால் அரைவாசி விடைதான் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. ஒரு பொருளின் ஏற்றம் 4 × 10⁻¹⁹ கூலோமாக இருக்க முடியுமா? 4 ஐ 1.6 ஆல் வகுத்தால் 2.5. அரை இலத்திரனை இடம்மாற்ற முடியாது. எனவே முடியாது.

ஓடும்போதும் கணக்கு மாறாது

மின்னோட்டம் என்பது ஏற்றம் பாயும் வீதம். ஏற்றம் = மின்னோட்டம் × நேரம். 1 அம்பியர் என்றால் ஒரு செக்கனில் 1 கூலோம். ஒரு ரோச் லைற்றின் மின்குமிழினூடாக 0.2 அம்பியர் 5 நிமிடம் பாய்ந்தால், நேரத்தைச் செக்கனாக மாற்றி (இங்கேதான் அதிகமானோர் புள்ளி இழக்கிறார்கள்) 0.2 × 300 = 60 கூலோம். இலத்திரன்களின் எண்ணிக்கை 3.75 × 10²⁰.

சரி, அந்த 60 கூலோமும் மின்குமிழில் முடிந்துபோயிற்றா? இல்லை. குமிழுக்குள் நுழைந்த அளவும் வெளியேறிய அளவும் ஒன்றே. “மின்குமிழ் மின்னோட்டத்தைப் பயன்படுத்தி முடித்துவிடுகிறது, ஆகவே அதற்குப் பின்னால் வைத்த அம்பியர்மானி குறைவாகக் காட்டும்” என்பது இரண்டாவது பெரிய தவறு. தொடர்ச்சுற்றில் குமிழுக்கு முன்னும் பின்னும் அம்பியர்மானி ஒரே வாசிப்பையே காட்டும். குமிழ் எடுத்துக்கொண்டது சக்தியை. ஏற்றம் சைக்கிள் செயினைப் போன்றது. செயின் சக்தியை மிதிபலகையிலிருந்து பின்சில்லுக்குக் கொண்டுபோகிறது. சில்லு செயினைத் தின்று தீர்ப்பதில்லை.

செயின் உவமை இன்னொரு சந்தேகத்தையும் தீர்க்கும். 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 அம்பியர் ஓடும்போது இலத்திரன்கள் நகரும் சராசரிக் கதி செக்கனுக்கு 0.07 மில்லிமீற்றர் அளவே. ஒரு மணித்தியாலத்தில் ஓரடி தூரம்கூடப் போகாது. நத்தை பரவாயில்லை. அப்படியிருக்க ஆளியைப் போட்டவுடன் குமிழ் எரிவது எப்படி? கம்பி முழுவதும் ஏற்கெனவே இலத்திரன்கள் நிறைந்திருக்கின்றன. ஆளி மூடியதும் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன. வீட்டு மின்சாரம் ஆடலோட்டம். செக்கனுக்கு 50 சுற்று. அங்கே இலத்திரன்கள் முன்னும் பின்னும் நுண்ணிய அளவில் ஆடுகின்றனவேயன்றி மின்னிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மின்பட்டியலில் கூலோம் கணக்குப் பார்ப்பதுமில்லை. அங்குள்ள “அலகு” கிலோவாற்று மணித்தியாலம், அதாவது சக்தி.

போனுக்குச் “சார்ஜ்” போடுகிறோம் என்று சொல்லும்போதும் இதே மயக்கம். 4000 மில்லியம்பியர் மணி என்று பற்றரியில் எழுதியிருக்கும். கணித்துப் பாருங்கள்: 4 × 3600 = 14 400 கூலோம். இவ்வளவு ஏற்றம் பற்றரிக்குள் குவிந்திருந்தால் என்ன ஆகும் என்பதை மேலே கூலோமின் விசையைப் பார்த்தபோதே ஊகித்திருப்பீர்கள். பற்றரியின் தேறிய ஏற்றம் எப்போதும் பூச்சியத்தை ஒட்டியதே. ஒரு முனையால் எவ்வளவு நுழைகிறதோ மறுமுனையால் அவ்வளவும் வெளியேறுகிறது. உள்ளே சேமிக்கப்படுவது இரசாயனச் சக்தி. 14 400 கூலோம் என்பது பற்றரி முழுதாக இறங்கும்வரை சுற்றினூடாகப் பாயச்செய்யக்கூடிய ஏற்றத்தின் அளவு.

உப்புக் கரைசலில் ஏற்றத்தைக் காவுவது அயன்கள். சோடியம் அணுவில் 11 புரோத்தன். ஓர் இலத்திரனை இழந்து 10 ஆனதும் அது நேரயன். அந்த இலத்திரனைப் பெற்ற குளோரீன் மறையயன். உரோஞ்சிய கண்ணாடியும் பட்டும் போலவே, ஒன்று இழந்ததை மற்றது பெற்றது. மின்பகுப்பின்போது நேரயன்கள் கதோட்டை நோக்கியும் மறையயன்கள் அனோட்டை நோக்கியும் செல்கின்றன. ஆக, கரைசலில் இருவகை ஏற்றமும் எதிரெதிராக நகர்கின்றன. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஒருகாலத்தில் எரிசோடாவும் குளோரீனும் இப்படித்தான் எடுக்கப்பட்டன. மின்னிரசாயன அலகில் இதை விரிவாகப் பார்ப்போம்.

மின்னல்: இதைப் பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள்

முகிலுக்குள் சிறிய பனிக்கட்டிப் பளிங்குகளும் மென்மையான ஆலங்கட்டிகளும் மோதிக்கொள்கின்றன. ஏற்றம் இடம்மாறுகிறது. பாரம் குறைந்த பளிங்குகள் நேரேற்றத்துடன் மேலே போகின்றன; ஆலங்கட்டிகள் மறையேற்றத்துடன் கீழ்ப்பகுதியில் தங்குகின்றன. சீப்பும் தலைமயிரும் செய்த அதே வேலை, கிலோமீற்றர்க் கணக்கில். முகிலின் அடிப்பகுதி தரையிலுள்ள இலத்திரன்களைத் தள்ள, அதற்குக் கீழேயுள்ள நிலமும் மரமும் கட்டடமும் தூண்டலால் நேரேற்றம் பெறுகின்றன. வளி காவலியாக நின்று தாக்குப்பிடிக்க முடியாத நிலையில் மின்னிறக்கம் நிகழ்கிறது. உச்ச ஓட்டம் 30 000 அம்பியர் அளவில் வரும். ஆனால் அது நீடிப்பது ஒரு செக்கனின் மிகச் சிறு பகுதிக்கே. ஆகவே கடத்தப்படும் மொத்த ஏற்றம் சில கூலோம் முதல் சில பத்துக் கூலோம் வரைதான். போன் பற்றரி பாயச்செய்வதைவிடக் குறைவு! அழிவைச் செய்வது ஏற்றத்தின் அளவு மட்டுமன்று. எவ்வளவு அழுத்த வேறுபாட்டினூடாக, எவ்வளவு விரைவாக அது பாய்கிறது என்பதே.

இலங்கையில் மின்னல் அதிகமாகும் காலம் இரு பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச்–ஏப்ரலும் ஒக்டோபர்–நவம்பரும். பெரும்பாலும் பின்னேரப் பொழுதில். வயலிலோ விளையாட்டு மைதானத்திலோ நிற்பவரே அவ்விடத்தில் உயரமான பொருளாகிவிடுகிறார். தனி மரத்தின் கீழ் ஒதுங்குவது அதைவிட மோசம். மரத்தைத் தாக்கும் மின்னல் பக்கவாட்டில் பாயலாம். நிலத்தினூடாகப் பரவும்போது, அகட்டி வைத்த இரு கால்களுக்கிடையே அழுத்த வேறுபாடு ஏற்பட்டு உடலினூடாக ஓட்டம் செல்லும். முன்கால்களும் பின்கால்களும் தூரமாக இருப்பதால் ஆடுமாடுகள் அதிகம் இறப்பது இதனால்தான். வீட்டுக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். மின்னலைக் கண்டதிலிருந்து முழக்கம் கேட்கும்வரை செக்கன்களை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். முப்பதுக்குக் குறைவாக எண்ணினால் வெளியே நிற்க வேண்டாம்.

இனிச் சொல்வதற்காகவே இப்பகுதியை நீட்டினேன். “மின்னல் விழுந்த ஆளைத் தொடாதே, உனக்கும் அடிக்கும்” என்று ஊரில் சொல்வார்கள். பெரியவர்களே சொல்வார்கள். பயத்தில் எல்லாரும் தள்ளி நிற்க, காப்பாற்றக்கூடிய நிமிடங்கள் போய்விடும். இவ்வளவு நேரமும் படித்ததை வைத்து நீங்களே யோசியுங்கள். ஏற்றம் அவருடைய உடலில் உண்டாகித் தங்கவில்லை. உடலினூடாகப் பாய்ந்து நிலத்துக்குப் போய்விட்டது. அவரில் எஞ்சிய ஏற்றம் எதுவுமில்லை. தொடலாம், உடனே தொட வேண்டும். ஆபத்தான இடமென்றால் அவரை அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள். சுவாசமும் நாடித்துடிப்பும் இல்லையென்றால், பழகியவர் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும். மற்றவர் 1990 அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

இதை வீட்டு மின்சாரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். உயிர்க்கம்பியில் ஒட்டிக்கொண்டிருப்பவரினூடாக ஏற்றம் இன்னும் பாய்ந்துகொண்டிருக்கிறது. பிரதான ஆளியை நிறுத்தும்வரை அவரைத் தொடவே கூடாது.

செய்து பாருங்கள்

1. காவலிப் பிடிகளில் பொருத்தப்பட்ட, ஒரேயளவான இரு உலோகக் கோளங்களின் ஏற்றங்கள் முறையே +6 × 10⁻⁹ கூலோம், −2 × 10⁻⁹ கூலோம். இவை ஒன்றையொன்று தொடச்செய்யப்பட்டுப் பிரிக்கப்படுகின்றன.
(அ) ஒவ்வொன்றின் இறுதி ஏற்றம் யாது?
(ஆ) இலத்திரன்கள் எக்கோளத்திலிருந்து எதற்குச் சென்றன?
(இ) இடம்மாறிய இலத்திரன்களின் எண்ணிக்கையைக் காண்க.

2. மறையேற்றமுள்ள கோலொன்று, நடுநிலையான உலோகக் கோளத்துக்கு அருகே பிடிக்கப்பட்டிருக்கும்போது கோளம் விரலால் தொடப்படுகிறது. முதலில் விரலும் பின்னர் கோலும் அகற்றப்படுகின்றன. கோளத்தின் ஏற்றம் யாது? கோலை முதலில் அகற்றியிருந்தால்?

விடைகள்: 1. (அ) மொத்தம் +4 × 10⁻⁹. ஆளுக்குப் பாதியாக +2 × 10⁻⁹ கூலோம். (ஆ) மறையேற்றமுள்ள கோளத்திலிருந்து நேரேற்றமுள்ள கோளத்துக்கு. (இ) 4 × 10⁻⁹ ÷ 1.6 × 10⁻¹⁹ = 2.5 × 10¹⁰. 2. கோலினால் தள்ளப்பட்ட இலத்திரன்கள் விரலினூடாகப் புவிக்குச் செல்வதால் கோளம் நேரேற்றம் பெறும். கோலை முதலில் அகற்றினால் போன இலத்திரன்கள் விரலினூடாகவே திரும்பி வந்துவிடும்; கோளம் நடுநிலையானது.